பெயர் தெரியாது, பிடித்தது தெரியும்!

ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒரு ஜப்பானியப் பெண் எழுதிய "தலையணைப் புத்தகம்"

ஒருவரை நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம்?

பெயரைக் கேட்கிறோம். ஊரைக் கேட்கிறோம். யார் பிள்ளை, யார் வீட்டு மருமகள் என்று விசாரிக்கிறோம். என்ன உத்தியோகம், என்ன சம்பளம் என்றுகூடக் கேட்டுவிடுகிறோம். இவ்வளவும் தெரிந்துவிட்டால், ஆளையே தெரிந்துகொண்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஜப்பான் நாட்டில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய சொந்தப் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அவள் எந்த ஆண்டில் இறந்தாள் என்பதும் தெரியாது.

ஆனால், கோடைக் காலத்தில் அவளுக்கு எந்த வேளை பிடிக்கும் என்பது தெரியும். எந்தச் சத்தம் கேட்டால் எரிச்சல் வரும் என்பது தெரியும். குழந்தை என்ன செய்தால் அவள் மனம் இளகும் என்பதும் தெரியும்.

இவற்றை எல்லாம் அவளே எழுதிவைத்திருக்கிறாள். அவள் வாழ்ந்தது ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்!

யார் இந்தப் பெண்?

அவளை "ஸே ஷோனகோன்" என்று அழைத்தார்கள். இது பெயர் அல்ல. அவளுடைய குடும்பப் பெயர் கியோஹாரா. அதன் முதல் எழுத்தைச் சீன முறையில் படித்தால் "ஸே" என்று வரும். "ஷோனகோன்" என்பது அரண்மனையில் ஒரு பதவியின் பெயர். இரண்டையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

அப்பாவின் பெயர் மட்டும் தெரிகிறது. அவர் கியோஹாரா நோ மோட்டோசுகே. பேர் பெற்ற கவிஞர். சக்கரவர்த்தியின் உத்தரவுப்படி ஒரு கவிதைத் திரட்டைத் தொகுத்த ஐந்து பேரில் அவரும் ஒருவர்.

ஸே ஏறக்குறைய 966-ம் ஆண்டில் பிறந்தவள். 993 வாக்கில் அவளுக்கு அரண்மனையில் வேலை கிடைத்தது. அப்போது தலைநகரம் ஹேயான். இன்றைய கியோட்டோ நகரம்தான் அது. சக்கரவர்த்தியின் பெயர் இச்சிஜோ. அவருடைய அரசி தேஷி. அந்த அரசிக்குத் தோழியாக ஸே போய்ச் சேர்ந்தாள்.

தமிழ்நாட்டில் அது ராஜராஜ சோழன் ஆண்ட காலம்.

வெட்கப்பட்ட தோழி

தோழிக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். அரசிக்கோ பதினேழு வயதுகூட இருக்காது.

புதிதாக வந்த ஸேக்கு வெட்கம் தாங்கவில்லை. பகலில் முகம் காட்டவே பயந்தாள். இரவில்தான் அரசியின் முன் போவாள். போனாலும் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

அரசி கோபித்துக்கொள்ளவில்லை. படங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது இன்னது, இது இன்னார் வரைந்தது என்று பேச்சுக் கொடுத்தாள். அது குளிர்காலம். சட்டைக் கைக்கு வெளியே அரசியின் விரல்கள் மட்டும் தெரிந்தன. குளிரில் அவை இளஞ்சிவப்பாக இருந்தன. இப்படி ஓர் அழகு உலகத்தில் உண்டா என்று ஸே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்கம் போயிற்று. சிநேகம் வளர்ந்தது. ஸே வாயாடி, புத்திசாலி. அரசிக்கு அந்த வாய் பிடித்துவிட்டது.

ஒருநாள் வெளியே பனி கொட்டிக்கிடந்தது. சீனத்தில் உள்ள ஒரு மலைச் சிகரத்தின் பெயரைச் சொல்லி, அங்கே பனி எப்படி இருக்கிறது என்று அரசி கேட்டாள். ஸே பதில் பேசவில்லை. எழுந்து போய், வாசலில் தொங்கிய தட்டியைத் தூக்கிப் பிடித்தாள். வெளியே இருந்த பனி தெரிந்தது. அந்தச் சிகரத்துப் பனியைத் தட்டியைத் தூக்கிப் பார்ப்பதாக ஒரு சீனக் கவிதையில் வருகிறது. அரசி கேட்டதும் அதை நினைத்துத்தான். அரசிக்கு ஒரே சிரிப்பு!

எளிய எழுத்து

அந்தக் காலத்து ஜப்பானில் ஆண்கள் சீன எழுத்தில் எழுதினார்கள். அரசாங்க ஏடுகள், சாத்திரம், சரித்திரம் எல்லாம் அதில்தான். அந்த எழுத்துகள் ஆயிரக்கணக்கில் உண்டு. கற்றுக்கொள்ள வருஷக்கணக்கில் ஆகும். பெண்களுக்கு அவை வேண்டாம் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

ஆனால், சீன எழுத்துகளைச் சுருக்கி, ஜப்பானியர்கள் வேறோர் எழுத்து முறையை உண்டாக்கியிருந்தார்கள். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. மொத்தத்தில் சில பத்து எழுத்துகள்தான். வாயால் பேசுவதை அப்படியே எழுதலாம். அதைப் "பெண் கை" என்றே சொன்னார்கள்.

மட்டமாக நினைத்து ஒதுக்கிய அந்த எழுத்தில்தான் பெண்கள் எழுதத் தொடங்கினார்கள். ஜப்பானிய இலக்கியத்தில் இன்று பெரிதாகப் போற்றப்படும் நூல்களில் பல, அந்தக் காலத்துப் பெண்கள் எழுதியவை.

படிக்கத் தெரிந்த கைக்கு எழுதக் காகிதம் வேண்டாமா? அப்போது காகிதம் விலை உயர்ந்த பொருள்.

அரசியின் அண்ணன் கொரேச்சிகா ஒரு மந்திரி. அவர் அரசிக்கு நிறையக் காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். சக்கரவர்த்தி ஒரு சீனச் சரித்திர நூலைப் பிரதி எடுக்கச் சொல்லியிருக்கிறார், நாம் எதை எழுதலாம் என்று அரசி கேட்டாள். தலையணையாக வைத்துக்கொள்ளலாமே என்றாள் ஸே. அரசி சிரித்துவிட்டு, காகிதம் முழுவதையும் அவளிடமே கொடுத்துவிட்டாள்.

அப்படி உண்டானது "மக்குரா நோ சோஷி" என்ற நூல். "தலையணைப் புத்தகம்" என்று பொருள். சிறிதும் பெரிதுமாக அதில் சுமார் முந்நூறு பகுதிகள் உண்டு.

என்னென்ன பிடித்தது?

அரண்மனைப் பெண் அல்லவா? தங்கத்தையும் முத்தையும் பட்டையும் பற்றித்தான் எழுதியிருப்பாள் என்று தோன்றும். பட்டைப் பற்றி எழுதத்தான் செய்தாள். ஆனால் புத்தகம் தொடங்குவது அங்கே இல்லை. நான்கு பருவங்களில் அவளுக்குப் பிடித்த நேரங்களில் தொடங்குகிறது.

வசந்த காலத்தில் விடியற்காலம் பிடிக்கும். மலை விளிம்பு மெல்ல வெளுப்பதைப் பார்க்கலாம். கோடையில் இரவு பிடிக்கும். நிலா இருந்தாலும் சரி, இருட்டில் மின்மினி பறந்தாலும் சரி. இலையுதிர் காலத்தில் மாலைப் பொழுது பிடிக்கும். காக்கைகள் மூன்றும் நான்குமாகக் கூட்டுக்குத் திரும்பும் நேரம் அது. பனிக்காலத்தில் அதிகாலை பிடிக்கும். கணப்புக்குக் கரியை எடுத்துக்கொண்டு ஆட்கள் அவசரமாக ஓடுவார்கள்.

காக்கையைப் பார்த்து அழகு என்று எழுதிய அரண்மனைப் பெண் அவள்!

மாட்டு வண்டியில் போவது அவளுக்குப் பிடிக்கும். புல் மண்டிய பாதையில் சக்கரம் ஏறி நசுக்கிய பச்சிலையின் வாசனை, வண்டி நகரும்போது மூக்கில் வந்து தட்டும். அது பிடிக்கும். நிலா வெளிச்சத்தில் வண்டி ஆற்றைக் கடக்கும்போது, மாட்டின் கால்பட்டுத் தண்ணீர் பளிங்குபோலத் தெறிக்கும். அதுவும் பிடிக்கும்.

புது உலோகக் கிண்ணத்தில் பனிக்கட்டிச் சீவல். அதன்மேல் ஒரு கொடியின் இனிப்புச் சாறு. இன்று கடைத்தெருவில் குழந்தைகள் ஐஸ் வாங்கித் தின்கிறார்களே, அது ஆயிரம் வருஷத்துக்கு முன் அவளுக்கும் பிடித்திருந்தது!

சின்னது எதுவாக இருந்தாலும் அவளுக்கு ஆசைதான். பூசணி இனத்துக் காயில் வரைந்த குழந்தை முகம். தாய்க்கோழியின் பின்னே ஓடும் குஞ்சு. குளத்திலிருந்து எடுத்த மிகச் சிறிய தாமரை இலை. தவழும் குழந்தை தரையில் கிடக்கும் ஒரு துரும்பைக் கண்டுபிடித்து, பிஞ்சு விரலால் எடுத்துப் பெரியவர்களிடம் காட்டுமே, அது!

இதைப் பார்க்காத தாய் உண்டா? பார்த்த தாய்மார்கள் கோடிப் பேர். இவள் அதை எழுதிவைத்தாள்.

கொசுவும் மாமியாரும்

பிடிக்காதவற்றுக்கும் அவளிடம் பட்டியல் உண்டு.

அவசர வேலை இருக்கும்போது வந்து உட்கார்ந்து, எழுந்திருக்காமல் பேசும் விருந்தாளி. மை உரைக்கும்போது கல்லில் சிக்கிக்கொள்ளும் தலைமயிர். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது முகத்துக்கு அருகே வந்து ரீங்காரம் போடும் கொசு.

அரிதான பொருள்களுக்கு ஒரு பட்டியல் போட்டாள். மாமனார் மெச்சும் மருமகன் அதில் இருக்கிறான். மாமியாரின் அன்பைப் பெற்ற மருமகள் இருக்கிறாள். மயிரை ஒழுங்காகப் பிடுங்கும் வெள்ளிச் சாமணமும் இருக்கிறது! மூன்றும் ஒரே பட்டியலில்!

தர்மசங்கடமான நேரங்களையும் அவள் விடவில்லை. வேறு யாரையோ கூப்பிட, தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று எண்ணி எழுந்து போவது ஒன்று. ஒருவரைப் பற்றி வீட்டில் புறம் பேசியதைக் குழந்தை கேட்டுக்கொண்டிருந்து, அவர் முன்னாலேயே சொல்லிவிடுவது இன்னொன்று.

எந்த வீட்டில் இது நடக்கவில்லை?

குறையும் உண்டு

அவளிடம் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தன் புத்தியைப் பற்றி அவளுக்குக் கர்வம் உண்டு. ஏழைகளிடம் மனம் இரங்கியவளும் அல்ல. ஏழை வீட்டுக் கூரையில் வெண்பனி விழுந்து கிடப்பது பொருத்தம் இல்லை, அங்கே நிலா அடிப்பதும் வீண் என்று எழுதிவிட்டாள்.

நிலவுக்கு ஏது பணக்காரன், ஏழை? அது எல்லாக் கூரையிலும் ஒன்றாகத்தான் அடிக்கிறது. காக்கையிடம் அழகைக் கண்ட கண், பக்கத்துக் குடிசையைப் பார்க்கவில்லை.

இதையும் நாம் அவள் பட்டியலிலிருந்தே தெரிந்துகொள்கிறோம். பிடித்ததைச் சொல்லும்போது மனிதர்கள் தங்கள் நல்லதை மட்டும் காட்டுவதில்லை. உள்ளது உள்ளபடி வெளியே வந்துவிடுகிறது.

அரண்மனையில் புயல்

புத்தகம் முழுவதும் சிரிப்பும் விளையாட்டுமாக இருக்கிறது. ஆனால், அது எழுதப்பட்ட காலம் சிரிப்பான காலம் அல்ல.

995-ம் ஆண்டில் அரசியின் தகப்பனார் மிச்சிதாகா இறந்தார். ராஜ்யத்தில் அவர்தான் எல்லா அதிகாரமும் கொண்டவராக இருந்தார். அவர் போனதும் அதிகாரம் கை மாறியது. கடைசியில் அது அவருடைய தம்பி மிச்சினாகாவிடம் போய்ச் சேர்ந்தது. அரசிக்கு அவர் சித்தப்பா.

அடுத்த ஆண்டே, 996-ல், அரசியின் அண்ணன் கொரேச்சிகாவும் தம்பி தகாயியேவும் குற்றம் சாட்டப்பட்டுத் தலைநகரத்தை விட்டுத் துரத்தப்பட்டார்கள். முன்னாள் சக்கரவர்த்தி ஒருவர் மீது அம்பு விட்டதாக ஒரு புகார். காகிதம் கொண்டுவந்து கொடுத்தாரே, அதே அண்ணன்தான்! துக்கம் தாங்காமல் அரசி தன் கூந்தலை அறுத்துக்கொண்டு துறவு பூண்டாள்.

ஸேக்கும் சோதனை வந்தது. அவள் மிச்சினாகாவின் பக்கத்தவள் என்று மற்றத் தோழிகள் குசுகுசுவென்று பேசினார்கள். அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். மனம் நொந்து, அரண்மனையை விட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நாள்கள் ஓடின. அவள் திரும்பவில்லை.

வந்தது காகிதம்!

நல்ல காலத்தில் ஒருநாள், அரசியிடம் பேச்சுவாக்கில் ஸே ஒன்று சொல்லியிருந்தாள். உலகமே வெறுத்துப்போய், எங்கேயாவது தொலைந்துபோகலாம் என்று தோன்றும் நேரத்தில், நல்ல வெள்ளைக் காகிதமும் ஒரு நல்ல தூரிகையும் கிடைத்தால் போதும்; இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கலாம் என்று மனம் தேறிவிடும் என்றாள். அழகிய கரை போட்ட புதுப் பாயைப் பார்த்தாலும் அப்படித்தான் என்றாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இவளுக்கு மனம் தேறிவிடும் என்று அரசி சிரித்தாள்.

சிரித்தவள் மறக்கவில்லை.

ஸே வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, அரண்மனையிலிருந்து ஒரு மூட்டை வந்தது. பிரித்துப் பார்த்தாள். இருபது கட்டு நல்ல காகிதம்! சீக்கிரம் வரச்சொல்லி அரசியின் செய்தியும் இருந்தது. பிறகு ஒரு பாயும் வந்து சேர்ந்தது.

அரசியே அப்போது கஷ்டத்தில் இருந்தவள். தகப்பன் இல்லை. உடன்பிறந்தவர்கள் பக்கத்தில் இல்லை. அந்த நிலையிலும், ஒரு தோழி என்றைக்கோ சொன்ன சின்ன ஆசையை நினைவில் வைத்திருந்தாள்.

இன்னொரு முறை ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரே ஒரு மஞ்சள் பூவிதழ். பேசாமல் இருந்தாலும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில் சில சொற்கள். அவ்வளவுதான். ஸே அரண்மனைக்குத் திரும்பினாள்.

பாயோடு போன புத்தகம்

வீட்டில் இருந்தபோது இன்னொரு சம்பவமும் நடந்தது. ஓர் அதிகாரி அவளைப் பார்க்க வந்தார். உட்கார ஒரு பாயைத் தள்ளிக் கொடுத்தாள். அந்தப் பாயின்மேல் அவளுடைய கையெழுத்துப் புத்தகம் இருந்தது! அதைக் கவனிக்கவில்லை.

பதறிப்போய் இழுக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை. புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெகுநாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. அதற்குள் பல பேர் படித்துவிட்டார்கள். தனக்காக எழுதியது ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று ஸே வருத்தப்பட்டுக்கொண்டாள்.

அந்தப் பாய் அன்று அங்கே இல்லாமல் இருந்தால், அந்தக் காகிதங்கள் என்னவாகியிருக்குமோ!

எழுதாமல் விட்டது

1000-ம் ஆண்டில் மிச்சினாகா தன் மகள் ஷோஷியையும் அரசி ஆக்கினார். ஒரே சக்கரவர்த்திக்கு ஒரே சமயத்தில் இரண்டு அரசிகள். 1001 ஜனவரியில், தன் மூன்றாவது பிரசவத்தில், தேஷி இறந்துபோனாள். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை.

ஸே இந்தத் துக்கத்தை எழுதவில்லை. தகப்பனார் இறந்து குடும்பம் சரிந்ததைப் பற்றி அங்கொரு சொல், இங்கொரு சொல். அவ்வளவே. அவள் எழுதிய அரசி எப்போதும் சிரிக்கிறாள்; பரிகாசம் செய்கிறாள்; குளிரில் விரல் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஷோஷியின் அரண்மனையில் முராசாகி ஷிகிபு என்ற பெண் இருந்தாள். "கெஞ்சியின் கதை" என்ற பெரிய கதையை எழுதியவள் அவள்தான். தன் நாட்குறிப்பில் அவள் ஸேயைச் சாடியிருக்கிறாள். கர்வம் பிடித்தவள் என்றாள். இப்படிப்பட்டவர்களின் கடைசிக் காலம் நன்றாக இருக்காது என்றும் சொல்லிவைத்தாள்.

அரசி போன பிறகு ஸே அரண்மனையை விட்டுப் போனாள். பிற்காலத்தில் அவளைப் பற்றிப் பல கட்டுக்கதைகள் கிளம்பின. வறுமையில் வாடினாள் என்று கதை கட்டினார்கள். புத்தகம் மட்டும் நிலைத்தது. இன்று ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் அதன் முதல் பகுதியை மனப்பாடம் செய்கிறார்கள். ஆர்தர் வேலி அதன் பகுதிகளை 1928-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1967-ல் ஐவன் மாரிஸின் மொழிபெயர்ப்பும், 2006-ல் மெரிடித் மக்கின்னியின் மொழிபெயர்ப்பும் வெளியாயின.

நம் வீட்டில்?

அதிகாரம் எல்லாம் மிச்சினாகாவிடம் இருந்தது. அவர் என்ன பதவி வகித்தார் என்பதைச் சரித்திரத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். தேஷி தன் தோழிக்குக் காகிதம் அனுப்பிய செய்தி, அந்தத் தோழி எழுதியதால் மட்டுமே நமக்குத் தெரிகிறது.

நம் வீட்டிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பாட்டிக்கு என்ன வியாதி என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். எந்த மருந்து, எத்தனை வேளை என்பதும் தெரியும். பாட்டிக்கு எந்தப் பூவின் வாசனை பிடிக்கும்? சின்ன வயதில் எந்தத் தின்பண்டத்துக்கு ஏங்கினாள்? மழை வந்தால் எங்கே போய் நிற்பாள்? கேட்டதுண்டா?

பள்ளிக்கூடத்து நோட்டில் ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை, பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். சொல்வதை அப்படியே எழுதட்டும். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று பாட்டி முதலில் மறுப்பாள். கொஞ்சம் பொறுத்திருந்து, மறுபடியும் கேட்க வேண்டும்.